வெட்டிவேர் போட்ட தண்ணீர்

ஒருவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்க வேண்டும். பசியோடு இருப்பவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இன்ஸ்பெக்டர். திருமுல்கேரியில் ராணுவ ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியதில் தானாக வந்தது.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கொண்டாப்பூரில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பெண்கள் ஹாஸ்டல் ஆரம்பித்தேன். எல்லோரும் சாஃப்ட்வேர் கம்பெனிப் பெண்கள். ஊரில் பெட்டி கட்டும்போதே இன்டர்நெட்டில் ரிவ்யூ படித்துவிட்டு வருகிறவர்கள். எங்கள் தெருவில் மட்டும் பதினோரு ஹாஸ்டல். அதனால் ஞாயிறு மதியம், பாயசம் பரிமாறிய பிறகு, ஒவ்வொரு பெண்ணிடமும் போய், "நேரம் கிடைச்சா நாலு வரி எழுதும்மா. உனக்கு என்ன தோணுதோ அதை எழுது" என்பேன். இத்தனை நட்சத்திரம் கொடு என்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை. எழுதியவர்களுக்கு அன்றைக்கே பதில் போட்டு நன்றி சொல்லிவிடுவேன்.

2012 ஜூலையில் நல்ல மழை. ஒருநாள் தேஜஸ்வினி என்ற விசாகப்பட்டினத்துப் பெண் டம்ளரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள்.

"அங்கிள், நீள்ளு வாசன வஸ்துன்னாயி."

தண்ணீரில் வாசனை வருகிறது என்று தெலுங்கில் சொன்னாள். நமக்கு வாசனை என்றால் மணம்; அவள் சொன்னது நாற்றத்தை. அன்று சாயங்காலமே இன்டர்நெட்டிலும் எழுதிவிட்டாள். 'இங்கே தண்ணீரில் மலநாற்றம் அடிக்கிறது' என்று, ஒரு நட்சத்திரம் போட்டு. படித்த பெண் பொது இடத்தில் எழுதுகிற வார்த்தையா அது? எனக்கு அருவருப்பாக இருந்தது.

இருந்தாலும் கடமையை விடவில்லை. குழாய் வேலை செய்யும் ஜகதீசனை வரவழைத்து, தரைக்கடியில் இருக்கும் சம்பைத் திறக்கச் சொன்னேன். குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும் அந்தச் சம்புத் தண்ணீர்தான். மூடியைத் தூக்கியதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மேலே பழுப்பாக ஏடு படர்ந்திருந்தது. அதில் என்ன மிதந்தது என்று சொல்ல நாக்கு கூசுகிறது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"சார், கக்கூஸ் லைன் உடைஞ்சு சம்புக்குள்ள கசியுது" என்றான் ஜகதீசன். "நாலு நாள் ஹாஸ்டலைக் காலி பண்ணிக் கொடுங்க, தோண்டி மாத்திடறேன். அதுவரைக்கும் இந்தத் தண்ணி யார் வாயிலயும் படக்கூடாது."

"ஜூலை மாசம் புது பேட்ச் வர்ற நேரம்ப்பா. தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போவாங்க, அப்போ பண்ணிக்கலாம்."

"நக்கோ சார், வேண்டாம். அதுவரைக்கும் தாங்காது."

தண்ணீர் கேன் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேன் வந்தால் பெண்கள் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் எழுதுவார்கள். எனவே சம்பில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். மோண்டா மார்க்கெட்டிலிருந்து வெட்டிவேர் வாங்கிவந்து, அலசி, துணியில் முடிந்து, குடிநீர்ப் பானைகளில் நானே போட்டேன். மறுநாளே நாற்றம் அடங்கிவிட்டது. தேஜஸ்வினியிடம் தன்மையாகப் பேசினேன். அவளும் எழுதியதை எடுத்துவிட்டு வேறு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அந்த மாதம் வந்த ரிவ்யூக்களில் பாதி வெட்டிவேர்த் தண்ணீரைப் பற்றித்தான். இந்த ஹாஸ்டலில் தண்ணீரே மணக்கும் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

ஆகஸ்டில் ஒன்பது பேருக்கு மஞ்சள்காமாலை கண்டது. தெருவில் பானிபூரி சாப்பிடாதீர்கள் என்று நோட்டீஸ் போர்டில் எழுதிப்போட்டேன். சாப்பிடுவதும் உண்மைதானே. எட்டுப் பேர் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். கோவில்பட்டிப் பெண் ப்ரியம்வதாவை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவள் ஊரிலிருந்து ஆள் வரும்வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். தினமும் இட்லி கொண்டுபோனேன். வேறு எந்த ஹாஸ்டல்காரன் செய்வான்?

மூன்றாம் நாள் அவள் கண் மஞ்சளை அரைத்து அப்பினது போல இருந்தது. படுக்கை விரிப்பிலெல்லாம் வாந்தி. நர்ஸ் வந்து மாற்றும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

"அங்கிள், நம்ம ஹாஸ்டல் தண்ணி கொண்டாந்தீகளா? இங்கத்த தண்ணி மருந்து வீச்சம் அடிக்கி."

கொண்டுபோயிருந்தேன். முதல் நாளே கேட்டிருந்தாள். பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒங்களுக்கு ரிவ்யூ எழுதுதேன்னு சொல்லிட்டே இருந்தேன், எழுதவே இல்ல பாருங்க" என்றாள்.

"அவசரமில்லம்மா, முடிஞ்சப்போ எழுது" என்றுதான் சொன்னேன். போன் அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். படுத்தபடியே எழுதினாள். ஐந்து நட்சத்திரம். அப்பா மாதிரிப் பார்த்துக்கொள்கிறார் என்று இருந்தது.

விடிவதற்குள் நினைவு தப்பிவிட்டது. ஈரல் மொத்தமும் போய்விட்டது என்றார் டாக்டர். அவள் அப்பா பாலசுப்ரமணியன் ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது அவள் முகத்தை மூடியிருந்தார்கள். உடம்பை ஊருக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்கு வந்து, எழுதியவர்களுக்கெல்லாம் போடுவது போல அவளுக்கும் பதில் போட்டேன். நன்றி ப்ரியம்வதா, மீண்டும் வருக.

ஜகதீசன் உங்களிடம் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் சம்பைத் திறந்த நாளிலிருந்து வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து குடித்தேன். இன்று காலையும் பானைகளை நிரப்பி, புது வெட்டிவேர் போட்டுவிட்டுத்தான் உங்கள் ஜீப்பில் ஏறினேன். முப்பத்துமூன்று பேரும் குடித்துவிட்டு ஆபீசுக்குப் போயிருப்பார்கள். புதிதாக வந்த இரண்டு பெண்கள் பாட்டிலிலும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடம் நான் இன்னும் ரிவ்யூ கேட்கவில்லை. வந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் கேட்பது நாகரிகமில்லை.