குறிப்பேட்டைக் கைமாற்றிய எங்கள் அக்காவுக்கு

சட்டக் கடலில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மூழ்கி முத்தெடுத்த மூத்தவரே! வாதத்தில் வல்லவரே, வாய்தாவுக்கு வணங்காதவரே! எதிர்த்தரப்பார் எழுந்து நிற்கும் முன்பே அவர்களுடைய பதிலையும் சேர்த்துச் சொல்லி, அவர்களை உட்கார வைத்து அனுப்பும் உத்தமரே! லிஃப்ட் பழுதான நாளெல்லாம் ஆறு மாடிகளையும் அனைவருக்கும் முன்னே ஏறி முடித்து, மேல்படியில் நின்றுகொண்டு, மூச்சிரைக்க வரும் இளைஞர்களைப் பார்த்து, "என்னப்பா, ஊரைச் சுத்திக்கிட்டா வந்தீங்க?" என்று நலம் விசாரிக்கும் நல்லவரே! இருநூற்றுப் பன்னிரண்டு வழக்கறிஞர்களும், எழுத்தர்களும், தட்டச்சர்களும், ஓட்டுநர்களும், உங்களைவிட வயதில் மூத்த காவலாளியும்கூட ஒரே சொல்லால் அழைத்து, ஒரே பார்வையில் அடங்கும் எங்கள் அக்காவே! வணக்கம்.

முறைப்படி இந்தப் பணிநிறைவு வாழ்த்து மடலை முழுக்கத் "தாங்கள்" என்றே எழுத வேண்டும். ஆனால் முகத்துக்கு நேரே மூன்று வாக்கியம் புகழ்ந்தால் நான்காவது வாக்கியத்தில் அக்கா எழுந்து போய்விடுவார். இப்போதே கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள். ஆகவே அவரை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் கதை சொல்வதுபோலச் சொல்லப் போகிறோம். இதில் மிகைப்படுத்தல் இருப்பதாக யாருக்காவது தோன்றினால், உண்மையைப் பாதியாகக் குறைத்தே எழுதியிருக்கிறோம் என்று அறியவும்.

அக்கா இங்கே சேர்ந்தபோது இந்நிறுவனத்தில் பெண் வழக்கறிஞர்கள் நால்வர். பெண்களுக்கான கழிப்பறை தரைத்தளத்தில் ஒன்று. அக்காவின் மேசை ஆறாம் மாடியில். ஒரே ஆண்டில் அவர் இறங்கி ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலவுக்குப் போய், அங்கே கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத் திரும்பலாம். அவர் அழவில்லை, அலுக்கவில்லை. பத்தொன்பது பக்கத்தில் மனு எழுதினார். எந்தெந்த நேரத்தில் யார் யார் எத்தனை நிமிடம் மேசையில் இல்லை, அந்த நிமிடங்களில் எத்தனை கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள் என்று இணைப்பு வேறு. மறுமாதமே ஆறாம் மாடியில் கொத்தனார் வந்து நின்றார்.

பிரசவ விடுப்பில் போகும் பெண்ணின் வழக்குகள், அவள் திரும்பி வரும்போது வேறொருவர் மேசையில் குடியேறியிருக்கும். அதுவே அந்நாளைய வழக்கம். அக்கா பங்குதாரர் ஆனதும் செய்த முதல் வேலை, தம் அறையில் ஓர் இரும்பு அலமாரி போட்டதுதான். விடுப்பில் போகும் பெண்ணின் கோப்புகள் அதற்குள் போகும், சாவி அக்காவிடம். வாய்தா வந்தால் அக்காவே போய் நின்றுவிட்டு வந்து, கோப்பை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டுவார்.

"அக்கா, அந்த ஃபைல் அவசரமா வேணும்," என்று ஒரு பங்குதாரர் வந்து நின்றார்.

"அவ்வளவு அவசரம்னா ஆஸ்பத்திரிக்குப் போய் அவகிட்டயே கேளுங்க. போறப்போ குழந்தைக்கு நல்லதா ரெண்டு சட்டை வாங்கிக்கிட்டுப் போங்க."

அவர் போகவில்லை. கோப்பும் போகவில்லை.

இவையெல்லாம் பொடி விஷயங்கள். எங்கள் அக்காவின் பெருமை அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது.

செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு ஐந்தாம் மாடியில் பங்குதாரர் கூட்டம் நடக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் இருபது பேர். அக்கா ஒருவர்தான் பெண். எந்த வழக்கை யார் நடத்துவது, யாரை அடுத்துப் பங்குதாரர் ஆக்குவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். நடப்பதைக் கறுப்பு அட்டை போட்ட தடித்த குறிப்பேட்டில் ஒருவர் எழுதிக் கையொப்பமிடுவார். கையொப்பம் விழுந்த முடிவை மறுபடி கிளறக் கூடாது. எழுதுகிறவர், காதில் விழாததைத் திருப்பிக் கேட்பது தவிர, கூட்டம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இரண்டும் நிறுவனம் பிறந்த நாள்தொட்டு வரும் வழக்கம். எழுதுவதற்கென்று வெளியிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞரை அழைத்து உட்கார வைப்பார்கள். அவர் எப்போதும் பெண்ணாகவே இருந்தார். காரணம் கேட்டால், "பொம்பளப் பிள்ளைங்க கையெழுத்து அழகா இருக்குமே" என்பார்கள்.

இன்று நாம் எல்லோரும் பாலத்து வக்கீல் என்று அழைப்பவர்தான் அப்போது ஒன்பது ஆண்டுகளாக அந்தக் குறிப்பேட்டை எழுதிக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்தைப் புகழாத பங்குதாரர் இல்லை. அவர் குரலைக் கேட்ட பங்குதாரரும் இல்லை. பங்குதாரர் தேர்வில் அவர் பெயர் இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் விழுந்தது. "தனியே நின்று பெரிய வழக்கு எதையும் நடத்தியதில்லை" என்பது காரணம். மூன்றாம் முறையும் விழுந்தால் பெயர் பட்டியலிலிருந்தே போய்விடும்.

இரண்டாம் முறை விழுந்த மறுநாள் அவர் ராஜினாமாக் கடிதத்தோடு அக்காவின் அறைக்கு வந்தார்.

"அக்கா, என்னை வேண்டாம்னு சொன்னதை நேத்து நானே உக்காந்து எழுதினேன். கூட்டம் முடிஞ்சு எந்திரிக்கறப்போ, ரொம்ப அழகா எழுதியிருக்கேன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போறாரு."

முந்தைய நாள் அக்காவும் அந்த மேசையில்தானே இருந்தார்? ஆதரவாகப் பேசினார், கையைத் தூக்கினார், தோற்றார். ஒன்பது ஆண்டுகளாக எதிரே குனிந்திருந்த அந்தத் தலையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கேள்வி கேட்கவில்லை. அந்தக் குறிப்பேட்டைத் தாமும் இளவயதில் எழுதியவர்தான். எழுதி எழுதி, அது பெண்ணுக்குரிய வேலை என்று அவருக்கே பழகிப் போயிருந்தது. ஆனால் முகத்தில் எதையும் காட்டவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லையே."

"இல்லக்கா."

"அப்போ நீ விட வேண்டியது வேலைய இல்ல, அந்த மினிட்ஸ் புத்தகத்த. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைங்களோட சாப்பிட்டுத் தூங்கு. செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம்."

அடுத்த செவ்வாயன்று அக்கா மிகச் சாதுவாக ஒரு யோசனை சொன்னார். குறிப்பு எழுதும் வேலையைப் பங்குதாரர்களே வாரம் ஒருவராக முறை வைத்துச் செய்தால் வெளியாள் காதில் ரகசியம் விழாதல்லவா? தலைமை நாற்காலியில் இருந்த நிர்வாகப் பங்குதாரருக்கு அலுவலகத்தில் சமரசம் என்று பெயர். இருவர் சண்டையிட்டால் இருவருக்கும் சரி என்று சொல்லி, சாயங்காலம் இருவரிடமும் திட்டு வாங்குபவர். யாருக்கும் கோபம் வராத யோசனை என்றால் அவருக்குப் பாயசம் கிடைத்த மாதிரி.

"நல்ல யோசனைதான். யார்ல ஆரம்பிக்கலாம்?"

"நம்ம ஆபீஸ்ல எல்லாம் எப்படியோ அப்படித்தான். மூப்பு வரிசையில."

யாரும் மறுக்கவில்லை. மறுக்க வழியில்லை. இங்கே கார் நிறுத்துமிடம் மூப்பு வரிசை, நாற்காலி மூப்பு வரிசை, பிஸ்கட் தட்டுகூட மூப்பு வரிசையில்தான் சுற்றும். கடைசி ஆளுக்கு உடைந்த பிஸ்கட்தான். கூட்டம் நடத்தும் தலைவரை விட்டால் அடுத்து யார் மூத்தவர் என்பதைத் தலையாட்டி முடித்த பிறகுதான் எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள். மூத்தவர் இடிமுழக்கம். இரண்டாமவர் அக்கா.

இடிமுழக்கத்தை அறியாதவர் இல்லை. அவர் ஐந்தாம் மாடியில் தும்மினால் இரண்டாம் மாடித் தட்டச்சர்கள் "நூறு வயசு" என்பார்கள். ஒரு பெண் பேசத் தொடங்கினால் இரண்டாவது நிமிடத்தில் குறுக்கே புகுந்து, அவள் சொல்ல வந்ததைத் தாமே சொல்லி, பாராட்டையும் தாமே பெற்றுக்கொள்வார். கெட்ட மனிதர் அல்லர். காது கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான்.

அவர் குறிப்பேட்டைப் பிடித்த செவ்வாயன்று பேச வேண்டியிருந்தது ஒரே வழக்கு. ஆற்றுப் பாலம் ஒன்றின் மூன்றாம் தூண் புதைந்துவிட்டது. கட்டிய நிறுவனம் நம் கட்சிக்காரர். ஆறு வாரத்தில் நடுவர் மன்றத்தில் விசாரணை. அதை நடத்தப் போவது இடிமுழக்கம்தான் என்பதை வாசல் காவலாளிகூட அறிவார். ஆவணங்கள் முப்பத்தொரு பெட்டி. அவற்றை முழுக்கப் படித்திருந்தவர் பாலத்து வக்கீல் மட்டுமே. "படிச்ச ஆளு ஒருத்தராவது வந்து விளக்கட்டும்" என்று அக்கா அவரை உள்ளே அழைத்திருந்தார்.

இடிமுழக்கம் தொண்டையைச் செருமினார். அக்கா விரலை உதட்டில் வைத்தார்.

"ஐயா, எழுதறவங்க பேசக் கூடாது."

"அம்மா, இது என்னோட வழக்கு."

"எழுதி முடிச்சுட்டுச் சொல்லுங்களேன். நம்ம வழக்கத்த நாமளே மீறலாமா?"

வழக்கம் என்ற சொல்லுக்கு முன்னால் இடிமுழக்கம் பசு. தலையைக் குனிந்தார். பாலத்து வக்கீல் எழுந்தார். முதல் வாக்கியத்தில் குரல் நடுங்கியது; மூன்றாவதில் நடுக்கம் நின்றது; பத்தாவதில் அந்த அறைச் சன்னல்கள் அதிர்ந்தன என்பது நாங்கள் சேர்த்தது. தூணின் அடியில் மண் பரிசோதனை சரியாகவே செய்யப்பட்டது. பாலம் முடிந்த பிறகு ஆற்றின் மேல்புறத்தில் நான்கு மைலில் வேறொருவர் ஆற்றுமணலை அள்ளியதால் நீரோட்டம் திசைமாறித் தூணை அரித்தது. அள்ளிய தேதிகள் பதினேழாம் பெட்டியில் ஒரு படகோட்டியின் நாட்குறிப்பில் இருக்கின்றன. இருபத்தைந்து நிமிடம் பேசினார். ஒருவரும் குறுக்கே வரவில்லை; குறுக்கே வருகிறவர் எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதினாரா, உழுதாரா! இரண்டு முறை மை தீர்ந்தது. கழுத்துப்பட்டையை அவிழ்த்தார். வியர்வை வழிந்து குறிப்பேட்டில் தனி ஆறு ஓடியது.

"மெதுவாச் சொல்லும்மா. மணல் அள்ளினது எந்தத் தேதி?"

பாலத்து வக்கீல் சொன்னார்.

"படகுக்காரர் எழுதி வச்சது எந்தப் பெட்டி?"

மறுபடி சொன்னார். சமரசம் மேசையைச் சுற்றிப் பார்த்தார். "அப்போ இவங்களே நடத்தட்டுமா? வேற கருத்து யாருக்காவது இருக்கா?" இடிமுழக்கத்துக்கு இருந்தது. ஆனால் அவருடைய பேனா அப்போது படகோட்டியின் நாட்குறிப்பில் பாதி வழியில் இருந்தது. அவர் கரையேறித் தலையை நிமிர்த்தியபோது ஒருமனதாக என்று முடிவாகி, அதைத் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமும் போட வேண்டியதாயிற்று.

விசாரணை நான்கு நாள். பாலத்து வக்கீல் தனியே நின்றார். அந்த நான்கு நாளும் அக்கா குடித்த தேநீரில் அந்தப் பாலத்தின் கீழே ஓர் ஆறு ஓட விடலாம். தூண் புதைந்ததற்கு நம் கட்சிக்காரர் பொறுப்பல்லர் என்று தீர்ப்பு வந்த அன்று, அக்கா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஆறாம் மாடியிலிருந்து தரைத்தளம்வரை இறங்கி, மறுபடி ஏறி வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா" என்றார்.

ஆனால் வழக்கில் வெல்வது வேறு, வாக்கில் வெல்வது வேறு. மூன்றாம் முறைத் தேர்வு வந்த செவ்வாய்க்குள் குறிப்பேடு ஒரு சுற்று சுற்றி, சரியாக அன்றைக்குப் பார்த்து அக்காவின் கையில் வந்து அமர்ந்தது. தாமே கொண்டுவந்த முறை. தாமே நினைவூட்டிய வழக்கம். கைப்பைக்குள் நாற்பத்தைந்து நிமிடப் பேச்சு ஒன்று மடித்து வைத்திருந்தார். அதில் ஒரு வரிகூட வாசிக்க முடியாது. எழுதுகிறவர் கையைத் தூக்கலாம், வாயைத் திறக்க முடியாது.

வெற்றிக்குப் பதினான்கு கைகள் வேண்டும். சமரசம் எண்ணினார். இடக்கையை உயரத் தூக்கி, வலக்கையால் எழுதிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி அக்கா உட்கார்ந்திருந்தார்.

"பதிமூணு," என்றார் சமரசம். "பதிமூணுதான் இருக்கு."

இடிமுழக்கத்தின் இரண்டு கைகளும் மேசைமேல் கிடந்தன. தம் வழக்கைப் பறிகொடுத்தவரின் கைகள். வாழ்க்கையில் அக்கா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த அமைதியில் அவருக்கு மூன்று தலைமுடி நரைத்தது; எண்ணியவர்கள் இருக்கிறோம்.

இடிமுழக்கம் பேசினார். வழக்கத்துக்கு மாறாக மெல்லப் பேசினார். அதாவது நான்காம் மாடிக்கு மட்டும் கேட்டது.

"இந்தப் பொண்ண ஒம்பது வருஷமாத் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தெரியல. அன்னிக்கு எழுத வேண்டியிருந்ததாலதான் கடைசிவரைக்கும் கேட்டேன். கையில பேனா இல்லேன்னா ரெண்டாவது நிமிஷமே நான் பேச ஆரம்பிச்சிருப்பேன். நான் அந்தப் பதினேழாம் பெட்டியத் தொறந்தே பாத்ததில்ல. நான் நடத்தியிருந்தா அந்த வழக்கு தோத்திருக்கும்."

கையைத் தூக்கினார். பதினான்கு. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு கைகள் கூச்சத்தோடு எழுந்தன. பதினாறு.

கதவுக்கு வெளியே தண்ணீர் இயந்திரத்தின் அருகே நின்றிருந்த பாலத்து வக்கீலுக்கு இடிமுழக்கம் பேசியது மட்டும் கேட்டுவிட்டது. நிரம்பிய குவளை வழிந்து கால்செருப்பு நனைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு அக்கா வெளியே வந்தார்.

"அக்கா, எனக்காக என்ன பேசினீங்க?"

"ஒரு வார்த்தைகூடப் பேசல. எழுதிக்கிட்டிருந்தேன்."

இருவரும் அந்த நடைபாதையில் நின்று சிரித்த சிரிப்புக்கு, ஆறு மாடியிலும் வேலை நின்றது.

அக்காவே, இனி உங்களிடம் நேரே பேசுகிறோம். கைப்பையைக் கீழே வையுங்கள். இன்று பங்குதாரர்கள் முப்பத்தொரு பேர், அவர்களில் பெண்கள் பதினான்கு பேர். நாளைக் காலை மட்டும் இந்நகரின் ஏழு நீதிமன்ற அறைகளில் நம் நிறுவனத்துக்காக முதலில் எழுந்து நிற்கப் போவது பெண்கள். நூறாண்டு வாழ்க என்று உங்களை வாழ்த்தப் போவதில்லை. குறைத்துச் சொன்னோம் என்று மேல்முறையீடு செய்துவிடுவீர்கள். முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் உங்கள் முகவரியை மறந்து போகட்டும். உடலில் உறுதியும் உள்ளத்தில் உவகையும் உங்களுக்கு மூப்பு வரிசையில் முதலில் வந்து சேரட்டும். நாளை உங்களுக்கு வேலை இல்லை. வீட்டிலும் இருக்க மாட்டீர்கள். ஏழில் எந்த அறைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், நாற்காலி போட்டு வைக்கிறோம்.

அன்பில் அளவு மீறியும், உண்மையில் சற்றே மீறியும்,

நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், எழுத்தர்கள், தட்டச்சர்கள், ஓட்டுநர்கள், காவலாளிகள் அனைவரும்.

(சொற்கள்: சென்ற ஆண்டே ஓய்வு பெற்றுப் போன தலைமைத் தட்டச்சர். சரிபார்த்தவர்: பாலத்து வக்கீல். கையெழுத்து: இடிமுழக்கம். மூன்று முறை மை தீர்ந்தது.)