ஒரு படி வெளுத்த நீலம்

நீலம் வாங்கப் போகிறவர்கள் உச்சி வெயிலில் கடைக்குப் போகக் கூடாது ஐயா. அந்த வெளிச்சத்தில் எல்லா நீலமும் ஒன்றுபோலத்தான் தெரியும். காலையில் போக வேண்டும். மூடியைத் திறந்து கட்டைவிரல் நகத்தில் ஒரு பொட்டு வைத்து, காயவிட்டுப் பார்க்க வேண்டும். அக்ரிலிக் ஈரத்தில் சிரிக்கும், காய்ந்ததும் கொஞ்சம் கறுக்கும். அது தெரியாமல் வாங்கி வந்து அவஸ்தைப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்.

நீங்கள் படகைப் பற்றிக் கேட்டீர்கள், நான் பெயிண்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே தொடங்கினால்தான் படகு வரும். அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஆதிகேசவன். பழவேற்காட்டில் போர்டு எழுதுகிறவன். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கண்ணில் படுகிற எழுத்தெல்லாம் என் கைதான். படகு முகப்பில் சாமி பெயர் எழுதுவதும் நானே. அது பிழைப்பு. மற்ற நேரத்தில் சின்னப் படகு செய்வேன். பொம்மை என்று ஊரில் சொல்வார்கள். நான் மாடல் என்பேன். கல்யாணமுருங்கைக் கட்டையில் பலகை பலகையாகச் சீவி, உண்மைப் படகில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, ஒரு துடுப்பு கூடக் குறையாமல் செய்வது. செய்து முடித்துக் கையில் ஏந்திப் பார்க்கும்போது ஒரு கிறுகிறுப்பு வரும் பாருங்கள், சாராயத்தில் கூட அது கிடையாது.

என் தங்கை காசியம்மாளின் புருஷன் சம்பந்தம். அவன் படகைத்தான் மாடலாகச் செய்தேன். மரவேலை முடிந்தது, பெயிண்டில் வந்து மாட்டிக்கொண்டேன். படகுக்கு அடித்த அதே நீல எனாமலை மாடலுக்கும் அடித்தேன். பளபளவென்று கல்யாணச் செம்பு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு மதராசுக்கு பஸ் ஏறினேன்.

பர்மா பஜாரில் எங்கள் ஊர் கௌஸ் மைதீன் பாய் கடை போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். ஜப்பான் சரக்கு, தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பெயிண்ட். சுண்டுவிரல் உயரத்துக்குக் குட்டிக் குட்டி பாட்டில்கள், ஐயா. ஆறு விதமான நீலம். ஆஹா, எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைவாசலில் குந்தி உட்கார்ந்து நகம் நகமாகப் பொட்டு வைத்துக்கொண்டேன்.

"இன்னா தம்பி, பொண்ணுக்குப் பொடவை எடுக்குற மாதிரி பாக்குறே. ஏதாச்சும் ஒண்ணு எடேன்" என்றார் பாய்.

ஏதாச்சும் ஒன்றா. நான் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு சூட்சுமம் சொல்கிறேன், இதையும் எழுதுங்கள். பெரிய படகின் நிறத்தை அப்படியே சின்னப் படகுக்கு அடித்தால் அது இருட்டாகத் தெரியும். உருவம் சிறுத்தால் நிறம் கனக்கும். அதனால் மாடலுக்கு ஒரு படி வெளுத்த நிறம் எடுக்க வேண்டும். எத்தனை படி என்பதைக் கண்தான் சொல்லும். என் கண் ஒரு நீலத்தைச் சொன்னது. எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பொன்னேரி தாண்டும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடித்தேன். ஊரே வந்து பார்த்தது. சம்பந்தம் அதைத் தலையில் வைத்துக்கொண்டு மீன் ஏலக்கடை வரைக்கும் ஆடிக்கொண்டே போனான். நல்லவன் ஐயா அவன். அவன் மேல் எனக்கு ஒரு நாளும் மனத்தாங்கல் கிடையாது.

அந்தச் சமயம் எங்கள் ஊர் டச்சுக் கல்லறைகளைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அந்த நாட்டுக்காரர்தான். கல்லில் இருந்த எழுத்தையெல்லாம் காகிதத்தில் படியெடுத்தார். யாரோ சொல்லி என் வீட்டுக்கு வந்து மாடலைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஊரில் கப்பல், படகு எல்லாம் வைத்துக் காட்டுகிற பெரிய கட்டடம் இருக்கிறதாம். என் மாடலை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறேன் என்றார். பக்கத்திலேயே உண்மைப் படகின் போட்டோவும் வைப்பார்களாம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். பழவேற்காட்டு போர்டு பெயிண்டருக்குக் கடல் தாண்டிக் கண்ணாடிப் பெட்டி.

கரைக்குக் கூட்டிப் போனேன். மாடலைச் சம்பந்தத்தின் படகு முகப்பில், அணியம் என்போமே, அங்கே வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விரலால் மாடலைத் தொட்டு, "லைட்" என்றார். வெளுப்பாக இருக்கிறதாம்.

நான் அந்தச் சூட்சுமத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் தோளைத் தட்டிச் சிரித்தார். பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்கிற தட்டல். அடுத்த மாதம் வந்து போட்டோ எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது பளிச்சென்று விளங்கியது. மாடலில் கோளாறு இல்லை. படகுதான் கறுப்பாக இருக்கிறது. எவ்வளவு சுலபம் பாருங்கள். எனக்குச் சந்தோஷம் தாங்காமல் எழுந்து ஏரிக்கரை வரை ஓடிவிட்டு வந்தேன்.

நேரமும் கூடி வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை படகைக் கரையேற்றுவார்கள். பலகை இடுக்கில் பழைய பஞ்சைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பஞ்சு திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றுவார்கள். அதுதான் தண்ணீரைத் தடுக்கிறது. அதற்குப் பிறகுதான் பெயிண்ட். எங்கள் கரையில் பெயிண்ட் அடித்த படகு என்றால் உள்ளே பஞ்சும் குங்கிலியமும் ஆயிற்று என்று அர்த்தம். அதை யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள். தட்டிப் பார்த்தால் வேலை செய்தவனை அவமானப்படுத்தியது போல.

சம்பந்தமே என்னைத் தேடி வந்தான். "மச்சான், எனுக்கு வலை வேலை தலைக்கு மேல கீது. படகை உன் கைல வுட்டுர்றேன். பஞ்சு அட்ச்சு, பெயிண்ட்டும் அட்ச்சுக் குடுத்துரு. வெள்ளக்காரன் வர்றான், சும்மா மாப்பிள்ளை மாதிரி நிக்கணும் நம்ம படகு."

நிற்கும் மாப்ளே என்றேன்.

அவ்வளவு பெரிய படகுக்கு ஜப்பான் பாட்டில் எங்கே பத்தும். சுவருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பெயிண்டும் அந்த ஜாதிதான் என்று கௌஸ் மைதீன் பாய் சொல்லியிருந்தார். வெள்ளை வாங்கி நீலச் சாயம் கலந்தேன். மாடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கலந்தேன். அந்த நீலம் வந்து வாளியில் நின்றபோது, ஐயா, நான் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சட்டையெல்லாம் நீலம்.

ஆனால் அந்தப் பெயிண்ட் எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் பிடிக்காது. சோடா உப்புப் போட்டுத் தேய்த்து எண்ணெயை எடுத்தேன். குங்கிலியம் இன்னும் மோசம். மேலே எத்தனை கை அடித்தாலும் பழுப்புக் கோடாக ஊறி வெளியே வந்துவிடும். என் நீலத்தின் மேல் பழுப்புக் கோடு. அதனால் இடுக்கிலிருந்த எல்லாவற்றையும் தோண்டி எடுத்தேன். அந்த இடத்தில் சுவருக்கு வைக்கிற பட்டியை வைத்து மொழுமொழுவென்று தேய்த்துவிட்டேன்.

பட்டி தண்ணீரில் நிற்குமா என்று கேட்கிறீர்கள். நிற்காது. ஒரு உருண்டையைத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் தட்டில் வெறும் சுண்ணாம்புத் தண்ணீர். ஆகவே தெரியாமல் செய்தான் என்று எழுதாதீர்கள். தெரியும். ஆனால் கரையில் நிற்கிற படகைத் தண்ணீர் என்ன செய்யும். போட்டோ எடுத்ததும் திரும்பத் தோண்டிப் பஞ்சு அடித்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

வெள்ளைக்காரர் சொன்னபடி வந்தார். காலை வெயில். மாடலை அணியத்தில் வைத்தேன். இரண்டு கையையும் விரித்து, "சேம், சேம்" என்று கத்தினார். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நானும் அவரைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை, இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். கரையே சிரித்தது. காசியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு காலை கிடையாது. அப்புறம் கேமராவைத் திறந்தார். உள்ளே இருந்தது கறுப்பு வெள்ளை பிலிம். கலர் பிலிம் மதராசில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லி பஸ் ஏறினார்.

மத்தியானம் சம்பந்தம் வலையோடு வந்து நின்றான். கூடவே அவனோடு தொழிலுக்குப் போகிற கருப்பன்.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இன்ன குடும்பத்துக்கு இன்ன நாள் இன்ன இடம் என்று ஊர் குலுக்கிப் போட்டு வைக்கும். பாடு என்பார்கள். உன் பாடு வந்த நாளில் நீ போகாவிட்டால் போச்சு, அடுத்த சுற்று வரை காத்துக்கிடக்க வேண்டும். சம்பந்தத்துக்கு முகத்துவாரப் பாடு விழுந்திருந்தது. இறால் மொய்க்கிற இடம். மழைத் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிற சமயம் வேறு. வேலை செய்த படகை, பலகை உப்பி இடுக்கு இறுகட்டும் என்று, ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டுத்தான் எடுப்பார்கள். பாடு என்பதால் அதற்கும் அவனுக்குப் பொழுதில்லை.

"மச்சான், எல்லாம் போட்டாச்சுதானே? பஞ்சு, குங்கிலியம்?" என்று கேட்டான். தட்டிப் பார்க்கவில்லை. வாயால் கேட்டான்.

நான் யோசித்தேன். இல்லை என்று சொன்னால் அப்போதே நீலத்தைப் பிளந்து குங்கிலியத்தை ஊற்றுவான். மறுநாள் கலர் பிலிமில் என்ன இருக்கும். பட்டிக்கு மேலே மூன்று கை பெயிண்ட் இருக்கிறது. அது தாங்கும் என்று என் பெயிண்ட் மேல் எனக்கு ஒரு நம்பிக்கை.

"எல்லாம் போட்டாச்சு மாப்ளே. ராஜா மாதிரி போய்ட்டு வா" என்றேன்.

படகு இறங்கியபோது பார்த்தீர்களானால் கண்ணை எடுத்திருக்க மாட்டீர்கள். ஏரியின் சாம்பல் தண்ணீரில் அந்த நீலம். நான் கரையோரமாகவே கைதட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினேன். சம்பந்தம் திரும்பிப் பார்த்து முண்டாசை அவிழ்த்து ஆட்டினான்.

பொழுது சாய்வதற்குள் கருப்பன் மட்டும் மணல் திட்டில் கரையேறினான். எல்லா இடுக்கிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் வந்ததாம். இறைக்க இறைக்க வந்ததாம். இழுப்பில் படகு கவிழ்ந்து, சம்பந்தத்தின் காலில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டது. கருப்பன் படகைப் பிடிக்கப் பார்த்திருக்கிறான். பெயிண்ட் தோல்போல உரிந்து அவன் கையோடு வந்திருக்கிறது. அவன் அழுதுகொண்டே சொல்லும்போது நகத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மெல்லப் பிய்த்து எடுத்து வீட்டுக்குப் போய் மாடல் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உப்புத்தண்ணீரில் அத்தனை நேரம் கிடந்தும் நிறம் மாறவே இல்லை.

காலையில் சம்பந்தத்தையும் படகையும் கொண்டு வந்து கரையில் போட்டார்கள். காசியம்மாள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அண்ணாத்தே, நீ அவ்ளோ ஆசையா பெயிண்ட்டு அட்ச்சுக் குடுத்தியே, அந்தப் படகா இப்பிடிப் பண்ணிச்சு" என்று கதறினாள். எனக்கும் கண்ணீர் வந்தது. வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்போது வெள்ளைக்காரர் கலர் பிலிமோடு வந்து சேர்ந்தார். படகின் நீலம் பட்டை பட்டையாகத் தொங்கியது. ஆனால் அணியத்தில் ஒரு முழத்துக்கு அப்படியே இருந்தது ஐயா. நான் ஓடிப்போய் மாடலை எடுத்து வந்து அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு, இங்கே எடுங்கள், இங்கே மட்டும் எடுங்கள் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்விட்டார். அவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படிச் செய்யலாமா. அதற்குள் கருப்பன் இடுக்கில் விரல் விட்டுப் பட்டியைத் தோண்டிக் காட்டிவிட்டான். ஊரார் என்னை ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கொண்டு வந்தார்கள். இடுக்கைத் தோண்டியவன் நான். பட்டி வைத்தவன் நான். கேட்டபோது பொய் சொன்னவனும் நான்.

சற்று முன் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டீர்கள். "ஏன்யா, நிறம் பொருந்தலன்னா அந்தப் பொம்மைக்கே இன்னொரு கை கறுப்பா அட்ச்சிருக்கலாமே?" அரை மணி நேர வேலைதான். பாட்டிலில் பெயிண்டும் மிச்சம் இருக்கிறது, ஒரு சொட்டுக் கறுப்பு கலந்தால் போதும். கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மாடலை மாற்றினால் முதலில் நான் எடுத்தது தப்பு என்று ஆகிவிடும் அல்லவா. நீங்கள் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். நிறம் தப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.