கணக்கு வாத்தியாரின் பாஸ்வேர்டு

காலையில் மண்ணரை நிறுத்தத்தைத் தாண்டிய டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "சார், உங்க பாஸ்வேர்டை எட்டாங் கிளாஸ் புள்ள ஒண்ணு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருச்சுங்க."

உட்கார்ந்திருந்தவர் பள்ளி நூலகர், நின்றவர் கணக்கு வாத்தியார் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஏனுங்க மேடம், இன்னைக்கு கம்ப்யூட்டர்ல மார்க் ஏத்தோணுமே. அது எப்படி அந்தப் புள்ளகிட்டப் போச்சு?"

"நீங்க வாரா வாரம் மறந்துட்டு லைப்ரரிக்கு வந்து நிக்கறீங்கன்னு, ஒரு புஸ்தகத்தோட கடைசிப் பக்கத்துல எழுதி வெச்சிருந்தேனுங்க."

"புஸ்தகத்துலீங்களா? யாராச்சும் எடுத்துட்டாங்கன்னா?"

"மூணு வருசமா ஒருத்தரும் எடுக்கலீங்க. அந்தத் தைரியந்தான்."

"அப்படி என்ன புஸ்தகமுங்க அது?"

நூலகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க எழுதுன கவிதைப் புஸ்தகந்தானுங்க சார்."

நூலகரே தொடர்ந்து சொன்னார்:

"இன்னைக்கே அதைத் திருப்பி வாங்கிடறேனுங்க."

"வேண்டாமுங்க மேடம். நீங்க எனக்கு வேற பாஸ்வேர்டு மாத்திக் குடுங்க. அந்தப் புள்ள மெதுவாப் படிச்சு முடிக்கட்டுமுங்க."