அடிக்கப்பட்ட இரண்டாவது வரி

என் பெயரும் விலாசமும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் உள்ளன. வயது ஐம்பத்து நான்கு. தையல் கடை வைத்திருக்கிறேன். இறந்தவன் என் உடன்பிறந்த தம்பி, பேருந்து ஓட்டுநர், வயது நாற்பத்தேழு. அறுவை மருத்துவர் மீதான புகார் தம்பி மனைவி கொடுத்தது.

தம்பியின் ஈரலில் எலுமிச்சை அளவில் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்த பிறகு, மேற்படி மருத்துவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்து, நான்கைந்து துளை போட்டு கேமரா வைத்து எடுத்தால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம், ஆனால் ரத்தம் நிற்காவிட்டால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டிவரும் என்று விளக்கினார். தம்பி, "பொத்தான் வைக்கறதா, ஜிப் வைக்கறதாங்கறத எங்க அண்ணன்கிட்ட கேளுங்க டாக்டர்" என்றான். அவரும் சிரித்தார்.

அதன் பிறகு, அறுவை நாளன்று காலையில் செவிலியர் ஒப்புதல் படிவம் கொடுத்தார். முதல் வரி, துளை வழியாக. இரண்டாவது வரி, தேவைப்பட்டால் திறந்து. எங்கள் கடையில் அளவுச் சீட்டில் வேண்டாத வேலையை அடித்துவிடுவோம்; விட்டுவைத்தால் வெட்டுகிறவர் அதையும் செய்துவிடுவார். இரண்டாவது வரியை நான் அடித்தேன். தம்பி படிக்கவில்லை. "நீ பாத்துட்டல்லண்ணே, அப்புறம் என்ன" என்று கையெழுத்துப் போட்டான். உறவினர் என்ற இடத்தில் என் எண்ணை எழுதினேன்.

அதன் பிறகு அவனை உள்ளே கொண்டுபோனார்கள். தம்பி மனைவி ரத்தம் கொடுக்கப் போனாள். கூடத்தில் வெளிச்சம் போதாததால் நான் மாடிப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து, அவன் கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ளத் தைத்திருந்த முன்திறப்புச் சட்டைக்குப் பொத்தான் வைத்தேன். கூடத்துப் பலகையில் எழுதியிருந்தபடி செல்பேசியை அணைத்திருந்தேன். உள்ளே ரத்தம் பீறிட்டதும், நோயாளியே வேண்டாமென்று அடித்திருப்பதாக நினைத்து, மருத்துவர் சம்மதம் கேட்க ஆளனுப்பியிருக்கிறார். பதினோரு நிமிடம் தேடியிருக்கிறார்கள். அதற்கு மேல் காத்திராமல் அவர் திறந்தார். செவிலியர் என்னைக் கண்டு, "எங்கண்ணே போனீங்க?" என்றபோது ஐந்தாவது பொத்தானில் இருந்தேன். தம்பி பிழைக்கவில்லை.

அதன் பிறகு, தம்பி மனைவி அவன் வயிற்றில் இருந்த நீளத் தையலையும் படிவத்தையும் பார்த்துவிட்டு, "அவரே வேணாம்னு அடிச்சிருக்காரு, யாரைக் கேட்டுக் கிழிச்சாங்க மாமா?" என்றாள். அவள் சொல்லச் சொல்லப் புகாரை எழுதியதும் நான்தான். மருத்துவர் மீது குற்றமில்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அவனை எடுத்துப்போனோம்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். அத்தனையும் நான் சொன்னது, நடந்தது. இதில் அடிக்க வேண்டிய வரி எதுவும் இல்லை.

(கையொப்பம்)