ஒத்தப்பனைவிளை ஊதுவாசல்

தேரி மணல் இப்போ நிக்கிறதைவிட ரெண்டு பனை உயரம் கூடுதலா நின்ன காலம். அப்போ ஒத்தப்பனைவிளைன்னு ஒரு ஊரு. பேருதான் ஒத்தப்பனை, நின்னது ஆறாயிரம் பனை. பனைக்கு ஒரு குடிகாரன்னு ஆண்டவர் அளந்து வச்சாராம். அதுல முதல் பனைக்காரன் ஞானசிகாமணி.

அவன் குடிச்ச குடி என்ன குடிங்கிறிய? அவனைக் கடிச்ச கொசு சுவர்ல முட்டி விழுமாம். அவன் நிழல்ல படுத்த நாய் ரெண்டு நாளைக்கு எந்திரிக்காதாம். சொல்லுதாவ, நான் என்ன செய்ய?

அவன் பொண்டாட்டி எப்சிபா. எங்க வகையறாவுக்கே மூத்தவ. ஆளு ஈர்க்குச்சி, நாக்கு அரிவாள். ஒருநாள் சாயங்காலம், பனையிலிருந்து கள் இறங்குற நேரம், புருசனோட தலைமுடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி வேதக்கோயிலுக்குள்ள தள்ளினா.

"இங்கயே கிட. கள் நேரம் தாண்டுற வரைக்கும் கிட."

கிடந்தான். கை நடுங்கிச்சு, காலு நடுங்கிச்சு, வேர்த்து ஊத்திச்சு. பெஞ்சுக் காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அவ பக்கத்துல உக்காந்து ராகமில்லாம பாட்டுப் பாடினா. ஆண்டவர் வந்து தொட்டாரா? தொடல. வானம் திறந்துச்சா? திறக்கல. தரை குளுமையா இருந்துச்சு, பக்கத்துல ஒருத்தி இருந்தா, கள் நேரம் தாண்டிச்சு. அவ்வளவுதான்.

மறுநாளும் அப்படி. அதுக்கு மறுநாளும் அப்படி. இருபது நாள் தாண்டினான். அதைப் பார்த்து இன்னொருத்தன் வந்தான். பொறவு ஒருத்தன். பதினோரு பேரு ஆயாச்சு. ஆளுக்கொரு பெஞ்சுக் காலு.

பொறுக்குமா மூப்பருக்கு? மூப்பர் பரமானந்தம். மூப்பர்னா யாரு? போதகர் இல்லாத நாள்ல கோயிலைப் பார்த்துக்கிடுற பெரியவன். ஆண்டவருக்கும் சனத்துக்கும் நடுவுல துண்டு போட்டு இடம் பிடிச்சவன். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, மனசு மட்டும் அடுப்புக்கரி.

"ஏ எப்சிபா, வாந்தி நாத்தம் பீடம் வரைக்கும் அடிக்கி. கோயில் என்ன ஆஸ்பத்திரியா?"

"பின்ன என்ன அண்ணாச்சி, நகைக்கடையா?"

மூப்பருக்கு மீசை துடிச்சுது. மறுநாளே கோயில் வாசல்ல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. உள்ள போறவன் எவனா இருந்தாலும் அவரு மூஞ்சிக்கு நேரா ஊதணும்.

"ஊது... ம், போ. நீ ஊது... சீ! போலே அங்கிட்டு!"

ஞானசிகாமணி தெனமும் ஊதினான். வாடை இல்ல, உள்ள போனான். நாப்பது நாள் ஆச்சு. அப்போ வந்துச்சு தம்பி கல்யாணம். பந்தியில எவனோ ஒரு படுபாவி கள்ளுக் கலயத்தை நீட்டினான். குடிச்சிட்டான். குடிச்ச கையோட அழுதுக்கிட்டே கோயிலுக்கு ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, தெரியாம விழுந்துட்டேன். உள்ள விடுங்க. இன்னைக்கு உள்ள விடலன்னா நான் செத்தேன்."

"ஊது."

ஊதினான்.

"ஆண்டவர் வீட்டுக்குள்ள இந்த நாத்தமா? தெளிஞ்சிட்டு வா, போ."

எங்க போவான்? பனைக்குத்தான் போனான். மூணு நாளு பனையடியில கிடந்தான். எறும்பு மொய்ச்சுக் கிடந்தவனை எப்சிபா தூக்கி நிமித்துனப்போ கண்ணு மேல சொருகியிருந்துச்சு. இன்னொரு மூணு நாள் இப்படின்னா குழிதான்னு அவளுக்கு விளங்கிப் போச்சு. அவ அழல. சேலையை இழுத்துச் சொருகிட்டு வீடு வீடாப் போனா.

மறுநாள் உயிர்த்தெழுந்த ஞாயிறு. பெரிய ஆராதனை. டவுன்லேருந்து போதகர் வர்ற நாளு. காலையில வாசல்ல பொம்பளைங்க வரிசை. முதல்ல எப்சிபா.

"ஊது"ன்னாரு மூப்பர், சும்மா பேச்சுக்கு.

ஊதினா. மூப்பர் நாற்காலியோட பின்னால சாஞ்சாரு.

"அடிப்பாவி! நீயுமா? போ வெளிய!"

அடுத்தவ ஊதினா. அதே நாத்தம். அதுக்கடுத்தவ ஊதினா. அதே நாத்தம். புருசன் கலயத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு தெரியாத பொண்டாட்டி அந்த ஊர்ல கிடையாதுல்லா? அத்தனை பேரும் கள்ளை வாயில ஊத்திக் கொப்பளிச்சிட்டு வந்திருக்காளுவ. முழுங்கல. ஒருத்தி மட்டும் ரெண்டு மடக்கு முழுங்கிட்டாளாம். பேரு சொல்ல மாட்டேன். அவ வகையறா இங்கதான் உக்காந்திருக்கு.

நாப்பது பேரு ஊதினா மனுசன் என்னாவான்? முப்பதாவது ஆளுக்கே மூப்பருக்குத் தலை சுத்திச்சு. கடைசியா நின்னவ அவரு பொண்டாட்டி சலோமி.

"ஊதவா, வேண்டாமா?"

"நீ... நீ நம்ம வீட்டு..."

"ஊஃப்!"

போதகர் வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தாரு. கோயிலுக்குள்ள ஈ காக்கை இல்ல. சனமெல்லாம் வெளிய மணல்ல. வாசல்ல மூப்பர் மட்டும், ஊதின சாரல்ல மீசையெல்லாம் கள் சொட்ட, கண்ணு செவந்து.

"சபை எங்க ஓய்?"

"எல்லாம் குடிகாரக் கூட்டம் ஐயா," மூப்பருக்கு நாக்குக் குழறுது. "நான் ஒருத்தன்தான்... சுத்தம்."

போதகர் குனிஞ்சு மோந்து பார்த்தாரு. "பரமானந்தம், நீரு கொஞ்சம் ஊதும்."

சனம் கொல்லுன்னு சிரிச்சுது. எப்சிபா சிரிக்கல. புருசனைத் தோள்ல தாங்கிக் கொண்டாந்து போதகர் முன்னால நிறுத்தினா.

"ஐயா, நாத்தம் அடிக்கறவன் உள்ள வரக்கூடாதாம். நோவு தீந்த பொறவு வைத்தியன் வீட்டுக்கு எவன் போவான்? இவனை இன்னைக்கு வெளிய விட்டிய, நாளைக்கு அடக்க ஆராதனைக்கு நீங்களே வண்டி கட்டி வரணும்."

போதகர் குனிஞ்சாரு. ஞானசிகாமணியோட மறு கையைத் தன் தோள்ல போட்டுக்கிட்டாரு. ரெண்டு பேருமா அவனை உள்ள கொண்டு போயி, மூப்பர் குடும்பம் உக்காருற முதல் பெஞ்சுல படுக்க வச்சாவ. அவன் போதகர் அங்கியிலயே வாந்தி எடுத்தானாம். அப்படியே நின்னு பிரசங்கம் பண்ணினாராம் போதகர்.

அத்தோட திருந்திட்டானான்னு கேக்கப் போறிய. எங்க? அதுக்குப் பொறவும் நாலு தரம் விழுந்தான். நாலு தரமும் நாத்தத்தோடதான் உள்ள வந்தான், ஒருத்தனும் மறிக்கல. அஞ்சாவது தரம் விழல. எழுவது வயசுல, பச்சைத் தண்ணி குடிச்சுட்டுச் செத்தான்.

அந்த வாசலுக்கு ஊதுவாசல்னு பேரு வந்தது அப்படித்தான். இன்னைக்கும் அங்க மூப்பராகணும்னா வசனம் ஒப்பிக்கத் தேவையில்ல, காணிக்கை தேவையில்ல. அந்த வாசல்ல நிக்கணும். அன்னைக்குக் குடிச்சிட்டு வந்தவன் எவனோ, அவன் வந்து மூஞ்சிக்கு நேரா ஊதுவான். மூஞ்சி சுளிக்காம, அவன் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறவன்தான் மூப்பர். போன வருசம் ஒன்பது பெரிய மனுசங்க நின்னாவ, வெள்ளை வேட்டியும் செண்டு வாசனையுமா. எட்டு பேரு மூக்கைப் பொத்தினாவ. ஒன்பதாவது ஆளு ஓடியே போயிட்டான்.

இப்போ அந்த ஊர்ல மூப்பர் யாருன்னு கேட்டா, பழைய மூப்பர் பொண்டாட்டி சலோமியோட வகையறாவுல, மூஞ்சி சுளிக்காம கையைப் பிடிச்ச ஒரு பொம்பளைன்னு சொல்லுதாவ.