கல்லுக்கும் கட்-ஆஃப்

மாதா கோயிலுக்குப் போகக் காலாப்பட்டில் பஸ் ஏறினேன். முன் சீட்டில், ஆப்பிரிக்காவில் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து லீவில் வந்தவரும் அவர் மச்சானும்.

"சுரங்கத்துல கல்லுக்குக் கட்-ஆஃபை ஏத்திட்டானுங்க மச்சான்."

"ஏன் மாமா, கல்லு டாக்டருக்குப் படிக்கப் போவுதா?"

"டேய், டன்னுக்கு ஒரு கிராம் தங்கம் இருந்தாலே அரைச்சானுங்க. இப்ப ரெண்டு இருந்தாத்தான் ஆலைக்குப் போவும். மத்ததெல்லாம் குப்பைமேடு."

"நல்ல கல்லா அரைச்சா லாபம்தானே?"

"லாபம் மொதலாளிக்கு. பத்து வருஷம் வர்ற சுரங்கம் நாலு வருஷத்துல தீந்துடும். அப்பறம் எனக்கேது வேலை?"

"எங்க அக்கா கட்-ஆஃப்ல நீ கல்யாணத்தன்னிக்கே குப்பைமேடு மாமா. அதையும் இத்தினி வருஷமா அரைச்சிக்கிட்டுதானே இருக்கா!"

அவர் சிரிக்கவில்லை. கோயிலில் அவருக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மாதாவிடம் கட்-ஆஃப் கிடையாது.