விடிகாலை சைக்கிள்

கஜபதி: ...அப்பால ரயிலு அப்படியே ஏரித் தண்ணி மேல போவுது. முங்கல. சக்கரம் மட்டும் நனையுது. நான் ஜன்னலாண்ட குந்திகினு, கையத் தண்ணில உட்டுகினு போறேன்...

பூங்காவனம்: நிறுத்து மாமா.

கஜபதி: இன்னா?

பூங்காவனம்: இது போன வாரம் சொன்ன கனவு.

கஜபதி: இல்லமே, இது வேற.

பூங்காவனம்: அதேதான். போன வாரம் ரயிலு இல்ல, பூந்தமல்லி பஸ்ஸு. அதுவும் தண்ணி மேலதான் போச்சு. அதுலயும் கையத் தண்ணில உட்டுகினுதான் வந்த.

கஜபதி: கனவுன்னா அப்படித்தான். ஒரே எடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவும்.

பூங்காவனம்: வண்டிய மட்டும் மாத்திக்குமா? ...கைய நீட்டு, சட்டைய மாட்டறேன். மெய்யா சொல்லு. ராத்திரி தூங்கினியா, இல்லியா?

கஜபதி: தூங்காமயா கனவு வரும்?

பூங்காவனம்: அதுக்குத்தான் தெனம் காலைல கனவு கேக்கறேன். நீ சொன்னா, சரி, தூங்கிகீறன்னு எனக்கு ஒரு தைரியம். நீ இன்னாடான்னா பழசையே தூசு தட்டி எடுத்தாற.

கஜபதி: டாக்டரு கூட இப்படி நோண்ட மாட்டாரு.

பூங்காவனம்: போன மாசம் இன்னா ஆச்சு? படுக்க வெச்சாங்க, காலைல பிரஷர் பாத்தாங்க, 'தூங்காம ஏத்திகினு கீற, ஊட்டுக்குப் போயி நல்லா தூங்கிட்டு வா'ன்னு அனுப்பிட்டாங்க. இன்னிக்கு அட்மிசன். நாளிக்கு ஆபரேசன். இந்தத் தபாவும் ஏறிச்சின்னா...

கஜபதி: ஏறாது.

பூங்காவனம்: ஏறிச்சின்னா மறுபடி தள்ளிப் போவும். நெஞ்சுல கீற அந்த வால்வு அது வரைக்கும் தாங்காதுன்னு டாக்டரே சொல்லிகீறாரு.

கஜபதி: நான் டேங்க் பேக்டரில எத்தினி வால்வு மாத்திகீறேன். எந்த இஞ்சினையாவது, நைட்டு தூங்கினியாப்பான்னு கேட்டுட்டா மாத்தினேன்?

பூங்காவனம்: இஞ்சினுக்குப் பயம் கெடையாது. அந்தக் கையும் நீட்டு.

கஜபதி: எனக்குப் பயம்னு யாரு சொன்னா?

பூங்காவனம்: தலகாணி சொல்லுது. படுத்தா மூச்சு முட்டுதுன்னு நாலு தலகாணி அடுக்கி சாஞ்சிகினுதானே தூங்கற? தூங்கினா, மேல கீறது சரிஞ்சி தரைல கெடக்கும். நேத்து கெடந்துச்சு. முந்தா நாளு கெடந்துச்சு. இன்னிக்கு நாலும் வெச்சது வெச்சபடி கீது.

கஜபதி: நீ போலீசு வேலைக்குப் போயிருக்கணும்மே.

பூங்காவனம்: பேச்ச மாத்தாத.

கஜபதி: கொயந்த வடிவு அழுதாளா நேத்து, வெள்ளானூர்ல உட்டுட்டு வந்தப்போ?

பூங்காவனம்: அழல. எங்கம்மா ஊட்டுக் கன்னுக்குட்டிய பாத்ததும் என்னையே மறந்துட்டா. இதுவும் பேச்ச மாத்தறதுதான்.

கஜபதி: சரி... வேற ஒரு கனவு கீது. அத சொல்ல வேணாம்னு இருந்தேன்.

பூங்காவனம்: ஏன்? கெட்ட கனவா?

கஜபதி: நல்லதா கெட்டதான்னே தெர்ல. ஒரு நாளு இல்ல, பத்து நாளா வருது. நேத்து உட்ட எடத்துலேந்து இன்னிக்கு ஆரம்பிக்குது.

பூங்காவனம்: சொல்லு. கோவிந்தராஜு வேன் எடுத்தாறதுக்குள்ள சொல்லு.

கஜபதி: பனி... மார்கழிப் பனி. ஏரியே தெரியல. கர மட்டும், தண்ணில எயுதினாப்ல கொஞ்சம் தெரியுது. கொக்கெல்லாம் நின்னுகினே தூங்குது. பேக்டரி பக்கம் வெளக்குங்க வரிசையா, பால்ல முக்கி எடுத்த மாதிரி... சத்தமே இல்ல. என் மூச்சு கூட எனக்குக் கேக்கல. அந்தப் பனிக்குள்ளேந்து ஒரு சைக்கிள் வருது.

பூங்காவனம்: ...சைக்கிளா?

கஜபதி: ஆம்பள சைக்கிள். நடுவுல பாரு வெச்சது. ஆனா ஓட்டறது பொம்பள. புடவைய இய்த்து தார்பாய்ச்சி கட்டிகினு கீறா. ஓட்டறான்னு கூட சொல்லக் கூடாது. அது எங்க போவுதோ அங்க இவளும் போறா.

பூங்காவனம்: யாரு அது?

கஜபதி: மூஞ்சி தெர்ல. தலைல மப்ளரு சுத்திகினு கீறா. என்னுது மாதிரியே கட்டம் போட்டது.

பூங்காவனம்: கட்டம் போட்ட மப்ளரு ஊருக்கே கீது. கோ-ஆப்டெக்ஸ்ல எல்லாருந்தான் வாங்கினாங்க.

கஜபதி: நான் ஒண்ணும் சொல்லலியே.

பூங்காவனம்: மீதி பொத்தான நீயே போட்டுக்கோ.

கஜபதி: கேக்கறியா, வேணாமா?

பூங்காவனம்: கேட்டுகினுதானே கீறேன்... புடவ இன்னா கலரு?

கஜபதி: வெங்காயச் சருகு கலரு.

பூங்காவனம்: கனவுல கலரு தெரியாதும்பாங்க.

கஜபதி: எனக்குத் தெரிஞ்சிது. மொத நாளு ஏறினதும் வுயுந்தா. நேரா கருவேல முள்ளுல. வாயத் தொறக்கல. எயுந்தா, முள்ளப் புடுங்கினா, சைக்கிள தூக்கி நிறுத்தி அதுக்கு ஒரு ஒத உட்டா. 'நீயும் அவர மாதிரியே சொன்ன பேச்சு கேக்க மாட்டியா'ன்னா.

பூங்காவனம்: அவ்ளோ தூரத்துல... பேசறது கூடவா கேட்டுச்சு?

கஜபதி: பனில பேச்சு நல்லா நடந்து வரும்மே. ஏரி மோட்லேந்து ஜன்னல் வரைக்கும் வந்துச்சு.

பூங்காவனம்: எந்த ஜன்னல்?

கஜபதி: கனவுல ஒரு ஜன்னல் கீது.

பூங்காவனம்: ஓ.

கஜபதி: ரெண்டாம் நாளு கொஞ்ச தூரம் போனா. அடுத்த நாளு ஒரு நாயி கூடவே ஓடிச்சு. கொலைக்கல, சும்மா தொணைக்கு ஓடிச்சு. இவ அது கூட பேசிகினே போறா. எருமைங்க வயி உடுது. எனக்குப் பாக்க பாக்க, நானே பின்னாடி காரியர்ல குந்திகினு போறாப்ல கீது. மேட்டுல ஏர்றா, எனக்கு மூச்சு வாங்கல. எறக்கத்துல உடறா, நெஞ்சுல காத்து வந்து சில்லுன்னு மோதுது... இன்னிக்குதான் ரொம்ப தூரம் பூட்டா. ஏரி மொன வரைக்கும் போனா, பனி அப்படியே முயுங்கிடிச்சி. பாத்துகினே கீறேன், வரல. நாயி மட்டும் திரும்பி வந்துடுச்சி. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சி பூங்கா. பனிய பாக்கறேன், பனிய பாக்கறேன்... அப்பால பெல்லு சத்தம். யாருமே இல்லாத கரைல பெல்லு அடிச்சிகினு வர்றா.

பூங்காவனம்: யாரும் இல்லன்னா எதுக்கு அடிச்சாளாம்?

கஜபதி: தெர்ல. சந்தோசமா இருந்துதோ இன்னாவோ. கொக்கெல்லாம் ஒண்ணா எயுந்துச்சி. பனியே பிச்சிகினு பறக்கறாப்ல...

பஞ்சவர்ணம்: பூங்கா, உள்ள கீறியா?

பூங்காவனம்: எதிர் ஊட்டு பஞ்சவர்ணம் அக்கா. மாமா, அது முன்னாடி இந்தக் கனவெல்லாம் ஒண்ணும் வேணாம், தபாரு... வாக்கா, வா.

பஞ்சவர்ணம்: கெளம்பிட்டீங்களா? குனி கஜா. மாங்காட்டு அம்மன் குங்குமம். நேத்து போயி உன் பேருல அர்ச்சன பண்ணிகினு வந்தேன். மார்கழி மாசத்துல போயி கத்தி வெக்கறானுங்களே, தை பொறந்ததும் வெக்கக் கூடாதா?

கஜபதி: வால்வுக்கு மார்கழியும் தெரியாது, தையும் தெரியாதுக்கா.

பஞ்சவர்ணம்: வாயி மட்டும் ஜோரா கீது. அத வெச்சே பொயச்சிக்குவ. அட, நீ இன்னா பூங்கா நொண்டற?

பூங்காவனம்: அம்மிக்கல்லு இடிச்சிகிச்சுக்கா.

பஞ்சவர்ணம்: பாத்து நட. நானே காலைலேந்து பேஜாருல கீறேன். குளுருல நடுங்கிகினு தெருவ அடச்சி கோலம் போட்டுட்டு, பூசணிப்பூ எடுத்தார உள்ள போனேன். வந்து பாக்கறேன், எவனோ அது மேலயே சைக்கிள உட்டுகினு போயிகீறான். நட்ட நடுவுல ஒரு கோடு.

கஜபதி: நாளிக்கு எனக்கும் அப்படித்தான், நட்ட நடுவுல ஒரு கோடு போடப் போறானுங்க.

பஞ்சவர்ணம்: சும்மா இரு கஜா. காலங்காத்தால...

பூங்காவனம்: பால்காரனா இருக்கும்க்கா.

பஞ்சவர்ணம்: அவன் நேரா போவான். இது பாம்பு போன மாதிரி கீது.

கஜபதி: பால்காரனுக்கு யாராவது புதுசா சைக்கிள் கத்துக் குடுக்கறாங்களோ?

பூங்காவனம்: மாமா, மாத்திர போட்டியா?

கஜபதி: போட்டேனே.

பூங்காவனம்: இன்னொரு மொணறு தண்ணி குடி.

பஞ்சவர்ணம்: நான் பார்வதமோன்னு நெனச்சேன். மொத ஷிப்டுக்கு அவதான் அந்தப் பக்கமா போறவ. நம்ம பக்கத்துல சைக்கிள் ஏறற பொம்பள வேற யாரு கீறா? அவ மட்டும் ஆசப்பட்டா ஏறினா? பால்ராஜு செத்தான், அவன் வேலைய இவளுக்குக் குடுத்தாங்க, அவன் சைக்கிளையே எடுத்துகினு...

பூங்காவனம்: அக்கா.

பஞ்சவர்ணம்: ...அய்ய. என் வாய தூக்கி அடுப்புல வெக்க. நான் அதுக்கு சொல்லல கஜா.

கஜபதி: பரவால்லக்கா. பால்ராஜு பேக்டரில எனக்கு அடுத்த பெஞ்சுதானே. எனக்குத் தெரியாததா?

பஞ்சவர்ணம்: அவனுக்கு வந்தது வேற, உனக்கு வேற. நீ ஜம்முனு திரும்பி வருவ. நான் போயி வேன பாக்கறேன். அந்த கோவிந்தராஜு மொனைல நின்னு எவன் கூடயாவது பேசிகினு இருப்பான்.

பூங்காவனம்: ...அது மனசுல ஒண்ணும் கெடையாது மாமா. எதனா பேசிடும்.

கஜபதி: அக்கா மேல எனக்கு இன்னா கோவம்?

பூங்காவனம்: சொம்பு வெச்சேனா? போர்வ, சோப்பு, உன் துண்டு...

கஜபதி: பூங்கா. குந்து.

பூங்காவனம்: வேன் வந்துடும்.

கஜபதி: வரட்டும். காலு நீட்டி குந்து. முட்டி வலிக்கும். அம்மிக்கல்லு ரெண்டு முட்டிலயுமா இடிக்கும்?

பூங்காவனம்: எத்தினி நாளா தெரியும்?

கஜபதி: நீ முள்ளுல வுயுந்த அன்னிலேந்து.

பூங்காவனம்: கனவுன்னியே.

கஜபதி: கனவு மாதிரிதான் இருந்துச்சு... நான் ராத்திரில தூங்கறதே இல்லமே. கண்ண மூடினா பயமா கீது. மயக்க ஊசி போட்டா இப்படித்தானே இருட்டிகினு வரும்னு தோணுது. நாமளா தூங்கினா நாமளா எயுந்துக்கலாம். அது அவங்க தூங்க வெக்கற தூக்கம். எயுந்துக்கறது யாரு கைல கீதுன்னு தெர்ல. அதனால முழிச்சிகினே, இந்த ஜன்னல பாத்துகினு சாஞ்சிகெடப்பேன். விடியப் போற நேரத்துல நீ மெல்ல தாப்பா தூக்குவ...

பூங்காவனம்: நீ கொறட்ட உட்டுகினு இருப்பியே? தெனம் நின்னு கேட்டுட்டுத்தானே போவேன்.

கஜபதி: அது சும்மா. நீ தைரியமா போவட்டும்னு.

பூங்காவனம்: நல்லா டபாய்ச்சிகீற.

கஜபதி: நீ சுத்திட்டு வர்ற வரைக்கும் பாப்பேன். வந்து சைக்கிள செவுத்துல சாத்துவ, தொட்டியாண்ட காலு கயுவுவ. அந்தத் தண்ணி சத்தம் கேட்டதும் எனக்குத் தூக்கம் வந்துடும். பேக்டரி சங்கு கூட காதுல வுயாது. தலகாணி சரிஞ்சி கெடந்துச்சே, அதெல்லாம் மெய்யாலுமே தூங்கினதுதான். கனவுதான் பொய்யி.

பூங்காவனம்: அப்ப இன்னிக்கு?

கஜபதி: இன்னிக்கு வரல. கெளம்பறதுக்குள்ள உன்ன ஒண்ணு கேட்டுடணும்னு நெனச்சிகினே கெடந்தேன்.

பூங்காவனம்: போற வயில என் தோள்ல சாஞ்சி தூங்கு. அங்க போயி கேட்டா, தூங்கினேன்னு சொல்லணும்... இன்னா கேக்கணும்?

கஜபதி: கோவம் இல்லமே. கத்துக்கட்டும்னுதான் நானும் சத்தம் போடாம பாத்துகினு இருந்தேன். வடிவ வெச்சிகினு ஒனக்கு ஒரு வயி வேணும். நீ அந்தப் பனிக்குள்ள தனியா பூந்து திரும்பி வர்றத பாக்கறப்போ, சரி, இவ பாத்துக்குவான்னு நெஞ்சு கொஞ்சம் லேசாச்சு. ஆனா அத நீ சொல்லி நான் கேக்கணும்.

பூங்காவனம்: எத?

பஞ்சவர்ணம்: பூங்கா, வேன் வந்துட்டுது. ஜல்தியா வாங்க.

பூங்காவனம்: வந்துட்டோம்க்கா... எயுந்திரு மாமா.

கஜபதி: பார்வதம் மாதிரி போறதுக்குத்தானே கத்துகின?

பூங்காவனம்: மொத நாளு அதுக்குத்தான் ஏறினேன். பொய் சொல்ல மாட்டேன். நீ இல்லன்னா இன்னா பண்ணுவேன்னு ராத்திரி பூரா நெனச்சி நெனச்சி, விடிஞ்சதும் ஏறிட்டேன். சீட்டு உன் ஒசரத்துக்கு கீது. எனக்குக் காலு எட்டல, வுயுந்துட்டேன். அன்னிக்கு சாயங்காலமே சீட்ட எறக்கிக் குடுன்னு கோதண்டம் கடைக்கு உருட்டிகினு போனேன். அவன் ஸ்பேனர எடுத்து நட்ட கூட லூசு பண்ணிட்டான் மாமா... வேணாம், பழையபடியே முறுக்கிடுன்னுட்டேன். எறக்கிட்டா நீ வந்து ஏறும்போது முட்டி இடிக்கும். எட்டாத காலோடயேதான் தெனம் ஓட்டறேன்.